நோயாளிக்குத் தன் நோயைப் புரியவைக்க வீடியோக்கள் உண்மையிலேயே உதவுகின்றனவா?

உதவுகின்றன. கோத்தகிரிப் பக்கம் பழங்குடி ஊர்களுக்குப் போய்வரும் நர்ஸாக வேலை பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஆனால் வீடியோவைப் போட்டுவிட்டு நாம் எழுந்து போய்விட்டால், சில சமயம் தப்பான புரிதலோடு அவர்களை விட்டுவிட்டு வந்துவிடுவோம்.

எங்கள் மலையில் நான் அதிகம் விளக்க வேண்டியிருந்தது அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் இந்தக் குறை முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். வட்டத் தட்டு போல இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல வளைந்து மெல்லிய ரத்தக் குழாயில் அடைத்துக்கொள்ளும். வலி உயிர் போகும். இதை வாயால் சொல்லும்போது தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கி நிற்பதை என் போனில் பார்த்த ஒரு பாட்டி, அந்த இடத்தில் விரலை வைத்து, "இப்படி அடைச்சுத்தான் என் பேரன் கால் வலிக்குதுன்னு அழறானா, சிஸ்டர்?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் என்றுதான் அதுவரை வீட்டில் நினைத்திருந்தார்கள்.

ஊர்களில் சிக்னல் இருக்காது, முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொண்டு போவோம். பெரும்பாலான வீடியோக்களின் தமிழ் செய்தி வாசிப்பது போல இருக்கும். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, கூட வரும் இருளர் பெண் அவர்கள் மொழியிலேயே சொல்வார். "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். உடம்பில் நீர் குறைந்தாலும் குளிர் பட்டாலும் இந்த வலி கிளம்பும். மார்கழிக் குளிரில் தேயிலை பறிக்கப் போகிறவருக்குத் தண்ணீர் நினைப்பே வராது. ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

தப்பான புரிதல் வருவது பரம்பரையை விளக்கும் படத்தில். அப்பா, அம்மா இருவருக்குமே இந்தக் குறை பாதி இருந்தால், அதாவது அவர்களுக்கு நோயில்லாமல் பிள்ளைக்குக் கடத்த மட்டும் முடியும் என்றால், கீழே நான்கு குழந்தைகளை வரைந்து ஒன்றுக்கு மட்டும் சிவப்பு அடித்திருப்பார்கள். அதைப் பார்த்த ஒரு தாய், "மூத்தவனுக்கு வந்திடுச்சு, இனி மூணு பேருக்கு வராதில்ல?" என்று நிம்மதியாகக் கேட்டார். எனக்குப் பகீரென்றது. நாலில் ஒரு பங்கு வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக வரும்.

அவர் வீட்டிலேயே அவரைக்கொட்டை கேட்டு வாங்கினேன். இரண்டு கிண்ணம், ஒன்று அப்பா, ஒன்று அம்மா. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விதை, ஒரு வெள்ளை விதை. கண்ணை மூடிக் கிண்ணத்துக்கு ஒன்று எடுக்கணும். இரண்டும் சிவப்பென்றால் நோய். ஒன்று மட்டும் சிவப்பென்றால் நோயில்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்தலாம். அப்புறம் விதைகளைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்த குழந்தைக்கு எடுக்கணும்.

இரண்டாவது தடவையே இரண்டும் சிவப்பாக வந்தது. கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலில் நின்ற கணவரைக் கூப்பிட்டு, "நீயும் வந்து எடுத்துப் பாரு" என்றார்.