முழங்கால் மடங்காத அம்மாவுக்கு முழுக்கு ஞானஸ்நானம்

முழுக்காமல் தண்ணீர் தெளித்தே ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். தெளிக்க வேண்டாம் பாஸ்டர், உட்கார வைத்தே முழுக்கலாம். அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் மடங்காது, பின்னால் சாய்க்கப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். சாய்க்கவே வேண்டாம். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே முன்னால் குனியட்டும். ரோமர் 6:4 ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவதைச் சொல்கிறது. எந்தப் பக்கம் சாய்ப்பது என்று வேதத்தில் இல்லை.

வழுக்குவது பெரும்பாலும் படியில்தான். தொட்டிச் சிமெண்டில் பாசி இருந்தால் முந்தின நாளே தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள். பிறகு தண்ணீர் விடாமல் அம்மாவை ஒருமுறை இறக்கி, உட்கார வைத்து, ஏற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி மிதக்கும், ஸ்டீல் ஸ்டூல் போடுங்கள். இரண்டு பக்கமும் சபைச் சகோதரிகள் நிற்கட்டும். எங்கள் சபையில் ஒரு பாட்டிக்கு, ஏறும்போது நனைந்த சேலை கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. அன்றிலிருந்து நாங்கள் நைட்டிக்கு மேல் வெள்ளை அங்கி போடுகிறோம்.

இருதயக் கோளாறோ, ஆறாத அறுவைப் புண்ணோ இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள். தள்ளிப்போகிறதே என்று அம்மா கலங்கினால், சிலுவையில் மனந்திரும்பிய கள்ளன் ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசுக்குப் போனதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.