வாசகர் கேள்வி – பதில்: மூடாக்குக்கு எத்தனை யூனிட்?

கேள்வி: குமரி மாவட்டம் தக்கலை பக்கம் 5 சென்ட் விளை (தோட்டம்). வீடு போக 4 தென்னை, 20-க்கு 10 அடியில் ஒரு காய்கறிப் பாத்தி. கோடைக்கு முன் மூடாக்கு (ஈரம் காக்க மண்மேல் பரப்பும் போர்வை) போட எவ்வளவு தென்னை நார்க்கழிவு இறக்க வேண்டும்?

பதில்: சென்ட்டை வைத்துக் கணக்குப் போட்டால் லோடுக்காரருக்குத்தான் லாபம். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. 3 அங்குலம் பரப்ப 544 கன அடி, அதாவது ஐந்தரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வேர் ஓடும் இடத்தை மட்டும் அளங்கள். சதுர அடியை அங்குலத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும்.

பாத்திக்கு 200 × 3 ÷ 12 = 50 கன அடி. இது படிந்தபின் நிற்க வேண்டிய அளவு. பாத்திக்கு நார்க்கழிவு வேண்டாம், ரப்பர் மரச் சருகே போதும். சருகு பாதியாக அமுங்கும் என்பதால் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, அள்ளி வர வேண்டும். பறக்காமலிருக்க மேலே நாலு ஓலை போடுங்கள்.

தென்னைக்கு 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி 113 சதுர அடி வரும். தூரைச் சுற்றி ஓரடி விட்டுவிட்டால் ஏறத்தாழ 110. நார்க்கழிவை 4 அங்குலம் போட்டால் மரத்துக்கு 37 கன அடி, நாலுக்கும் சேர்த்து ஒன்றரை யூனிட். காசு கொடுத்து வாங்குமுன் வீட்டில் கிடப்பதைப் பாருங்கள்: மரத்துக்குக் காய்ந்த ஓலை 15 போதும். மாதம் ஒரு ஓலை விழுந்தாலும் நாலு மரத்தில் வருடத்துக்கு 48, தேவை 60. குறைவதைக் கதம்பையால் (தேங்காய் உரிமட்டை) நிரப்பலாம். கதம்பை மட்டும் என்றால் மரத்துக்கு 100, குழிவு கீழே பார்க்க. மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும்.

வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பரில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் சாரல் மழை மூடாக்கோடு நின்றுவிடும். தூரை ஒட்டிக் குவித்தால் கறையான் ஏறும். மட்கும் குவியலில் காண்டாமிருக வண்டும் முட்டையிடும்.

கேள்வி: நார்க்கழிவை மண்ணோடு கொத்திவிட்டபின் கத்தரி இலை மஞ்சளாகிறதே?

பதில்: கொத்தியதுதான் காரணம். மட்காத நார்க்கழிவில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. மேலாகப் பரப்பினால் இந்தத் தொல்லை குறைவு. இப்போதைக்கு ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கை 10 லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்துத் தூரில் ஊற்றுங்கள். அடுத்த முறை மட்கிய நார்க்கழிவாகக் கேட்டு வாங்குங்கள். அது கறுத்து, கையில் உதிரும்.