‘போல்ஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘சப்போர்ட்’ வரும் இடத்தில் எல்லாம் போடலாமா?

கேட்டிருப்பவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர். அகராதியில் ‘போல்ஸ்டர்’ என்பதற்கு நேரே ‘சப்போர்ட்’ என்று இருக்கிறது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சரியாகுமா, இதே பொருளில் வேறு என்ன சொற்கள் உண்டு என்று கேட்கிறார்.

போட முடியாது. ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ‘ஆதரவு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் சொற்கூட்டத்தைச் சமாளிக்கலாம் என்று நானும் சில ஆண்டுகள் நம்பியிருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போல்ஸ்டர் முதலில் ஒரு தலையணை. பழைய ஆங்கிலத்திலேயே நீளமான, உருண்டையான தலையணைக்கு அந்தப் பெயர் இருந்தது. ஜெர்மன் மொழியில் மெத்தைத் திண்டுக்கு இன்றும் ‘போல்ஸ்டர்’தான். நம் வீடுகளில் தாத்தா கூடத்தில் உட்கார்ந்து சாய்ந்துகொள்வாரே, அந்தத் திண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 500 ஆண்டுகளாகத்தான் அது வினைச்சொல்லாகவும் வழங்குகிறது.

திண்டு என்ன செய்கிறது? தாத்தா விழுந்துவிடுவார் என்று யாரும் திண்டு போடுவதில்லை. அவர் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். திண்டு இருந்தால் இன்னும் திடமாக, இன்னும் நெடுநேரம் உட்காருவார். ஏற்கெனவே நிற்கிற ஒன்றுக்கு மேலும் வலு சேர்ப்பதுதான் போல்ஸ்டர். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

எங்கள் ஊர் லால்குடிப் பக்கம். வாழைதான் பயிர். வாழைக்கு நாங்கள் செய்யும் இரண்டு வேலைகளைச் சொன்னால் உங்களுக்கு இது மறக்காது. கன்று நட்டுச் சில மாதங்களில் மண் அணைப்போம். இரு பக்கத்து மண்ணையும் மண்வெட்டியால் வெட்டி இழுத்து, அடிமரத்தைச் சுற்றிக் குவித்து, காலால் மிதித்து இறுக்குவோம். அப்போது மரம் சாயவில்லை, நேராகத்தான் நிற்கிறது. வேர் பிடிப்பதற்காகவும், பின்னால் வரப்போகும் காற்றுக்காகவும் அந்த மண். குலை தள்ளிய பிறகு செய்வது வேறு வேலை. இப்போது குலையின் பாரத்தில் மரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. இரண்டு சவுக்குக் கம்புகளைத் தலைப்பக்கம் சேர்த்துக் கட்டி, கவை போல விரித்து, சாயும் பக்கத்தில் ஊன்றி மரத்தைத் தாங்கச் செய்வோம். அதற்கு முட்டுக் கொடுத்தல் என்று பெயர். அந்தக் கம்பை எடுத்தால் மரம் கீழே.

மண் அணைப்பது போல்ஸ்டர். முட்டுக் கொடுப்பது ‘ப்ராப் அப்’. இரண்டுமே சப்போர்ட்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் மரத்தின் நிலைமையையே மாற்றிச் சொன்னதாகிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. ‘தலையணை’ என்பதில் இருக்கும் அணை, ‘மண் அணைத்தல்’ என்பதில் இருக்கும் அணை, குழந்தையை அணைத்துக்கொள்கிறோமே அந்த அணை! தலையணைப் பெயர் வலு சேர்க்கும் வினையாவதை ஆங்கிலத்தில் பார்த்து நாம் வியக்கிறோம். நம் சொல்லில் தலையணையும் தாங்குதலும் எப்போதோ பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. முதன்முதலில் இது எனக்குப் பிடிபட்ட அன்று வேலை ஓடவில்லை.

அரசியலுக்கு வருவோம். 1990 நவம்பரில் சந்திரசேகர் பிரதமரானபோது அவர் கட்சிக்கு மக்களவையில் சுமார் 60 உறுப்பினர்கள்தான். காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தந்ததால் ஆட்சி நின்றது. 1991 மார்ச்சில் உறவு முறிந்ததும் அவர் பதவி விலகினார். இந்த ஆதரவை ஆங்கிலத்தில் எழுதினால் ‘ப்ராப் அப்’ என்றுதான் எழுத வேண்டும். நம் பத்திரிகைகளும் ‘ஆட்சிக்கு முட்டுக் கொடுத்தது’ என்றே எழுதும். போல்ஸ்டர் என்று எழுதினால், அந்த ஆட்சிக்கு ஏற்கெனவே போதுமான பலம் இருந்தது, காங்கிரஸ் இன்னும் கொஞ்சம் கூட்டியது என்று பொருள்படும். வரலாறே மாறிவிடும்.

அடுத்தது, போல்ஸ்டர் என்ற வினை எதை ஏற்கும் என்பது. நம்பிக்கை, வாதம், வழக்கு, பாதுகாப்பு, பொருளாதாரம், மன உறுதி, படைபலம், நற்பெயர் இவையெல்லாம் அதற்குப் பின்னால் இயல்பாக வரும். ஆள் வருவது அரிது. ‘என் தம்பியைச் சப்போர்ட் செய்யுங்கள்’ என்பதை ‘ப்ளீஸ் போல்ஸ்டர் மை பிரதர்’ என்று ஒரு மாணவர் விண்ணப்பக் கடிதத்தில் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். தம்பியின் தன்னம்பிக்கையை போல்ஸ்டர் செய்யலாம், தம்பியைச் செய்வதில்லை.

தமிழில் இதற்கு ஆதரவு வேண்டவே வேண்டாம். ‘வலுச் சேர்த்தல்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புதிய சாட்சியம் அரசுத் தரப்பின் வழக்கை போல்ஸ்டர் செய்வதாக வந்த வரியை ‘சாட்சியம் அரசுத் தரப்பை ஆதரிக்கிறது’ என்று எழுதினேன். மூத்த உதவி ஆசிரியர் அதை அடித்துவிட்டு ‘வழக்குக்கு வலுச் சேர்க்கிறது’ என்று மேலே எழுதினார். சாட்சியம் கட்சி சேராது, தம்பி என்றார். நம்பிக்கை, மன உறுதி என்று வரும் இடங்களில் ‘தெம்பூட்டுதல்’ என்பதும் அழகாக உட்காரும்.

மற்ற உறவுக்காரர்களில் எனக்கு மிகப் பிடித்தது ‘பட்ரஸ்’. கட்டடத்துக்கு வெளியே சாய்த்துக் கட்டும் உதைசுவர் அது. ‘தள்ளு’ என்ற பொருள் கொண்ட பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது, பெயருக்கேற்பத் தள்ளவும் செய்கிறது. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் உயரமான கல் கூரை வளைவுகள் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளுகின்றன, வெளியே இருக்கும் வளைவு உதைசுவர்கள் எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன. இரண்டு தள்ளலும் சமமாக இருப்பதால் கட்டடம் நிற்கிறது. 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்து மேற்கூரை எரிந்து, கல் வளைவுகளும் சில இடங்களில் இடிந்தபோது அந்தச் சமநிலை கெட்டது. தாங்கி நின்ற உதைசுவர்களே உள்பக்கம் தள்ளிச் சுவரைச் சாய்த்துவிடுமோ என்ற அச்சம் வந்தது. அதனால் அவற்றின் வளைவுகளுக்கு அடியில் அளவெடுத்துச் செய்த மரச்சட்டங்களைப் பொருத்தினார்கள். ஒரு வாதத்தை ‘பட்ரஸ்’ செய்வது என்று எழுதும்போது இந்தப் படத்தை மனதில் வையுங்கள். எதிர்ப்பு ஒன்று பக்கவாட்டில் வருகிறது, அதற்கு ஈடாக வெளியிலிருந்து சான்றுகளை அடுக்குகிறோம். அந்த மரச்சட்டங்கள் செய்தது ‘ஷோர் அப்’. சரியும் நிலையில் இருப்பதற்கு அவசரமாகக் கொடுக்கும் முட்டு அது. கடற்கரையைக் குறிக்கும் ‘ஷோர்’ வேறு சொல், அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

‘எண்டார்ஸ்’ என்பதில் இருப்பது இலத்தீனில் முதுகு. காசோலையின் பின்புறம் கையெழுத்துப் போடுகிறோமே, அதுதான் சொல்லின் நேர்ப்பொருள். இந்தத் தாள் செல்லும் என்று பெயரைக் கொடுப்பது. ஆகவே பெயர் உள்ளவர் வெளிப்படையாகத் தரும் ஆதரவுக்கே அது பொருந்தும். கூட்டத்தில் ஒருவர் கொண்டுவந்த தீர்மானத்தை இன்னொருவர் ஆதரிப்பது ‘செகண்ட்’, அதற்கு வழிமொழிதல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. கீழ்நீதிமன்றத் தீர்ப்பை மேல்நீதிமன்றம் ‘அப்ஹோல்ட்’ செய்தால் ‘உறுதி செய்தது’ என்று எழுதுங்கள். ‘அபெட்’ என்பதும் உதவிதான், ஆனால் குற்றத்துக்குத் தரும் உதவி. இந்திய தண்டனைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு அதைத்தான் விளக்கியது. நல்ல காரியத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, தேர்வில் மதிப்பெண் போகும் ஓர் இடம். தமிழில் ‘எனக்கு ஆதரவு கொடு’ என்கிறோம், அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘சப்போர்ட் டு மீ’ என்று பலர் எழுதுகிறார்கள். வினையாக வரும்போது நடுவில் எதுவும் வேண்டாம், ‘சப்போர்ட் மீ’ போதும். ‘என்னை ஆதரி’ என்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ச்சொல்லாகி, எதற்கான ஆதரவு என்று சொல்ல வரும்போது ‘ஃபார்’ சேரும். போல்ஸ்டருக்கும் வினையில் இதே கதைதான். சிலர் பின்னால் ‘அப்’ சேர்ப்பார்கள், அது தவறில்லை, சேர்க்காமலே பொருள் முழுமையாக இருக்கிறது. உச்சரிக்கும்போது முதல் எழுத்தை நெடிலாகச் சொல்லுங்கள்: போல்ஸ்டர்.