பி.எம். கிசான் தவணை: செலுத்தியாயிற்று என்கிறது, கணக்கில் இல்லை

விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகையான பி.எம். கிசான் தவணை செலுத்தப்பட்டதாக அதன் இணையதளம் காட்டியும் கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கில் 2,000 ரூபாய் ஏறவில்லை என்கிறீர்கள். அது பெரும்பாலும் உங்கள் பெயரிலேயே உள்ள வேறொரு கணக்கில் சேர்ந்திருக்கும்.

ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை; அரசு மானியம் பெறுவதற்காகக் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ, அங்கேயே போய்ச் சேரும். நகைக்கடனுக்காகவோ நூறு நாள் வேலைக்காகவோ புதுக்கணக்கு தொடங்கியபோது கையெழுத்திட்ட படிவத்தில் அந்த ஒப்புதலும் இருந்திருக்கலாம். என் தாயாரின் மூன்று தவணைகள், அவர் மறந்தே போயிருந்த கணக்கொன்றில் இப்படித்தான் கிடந்தன. அந்தப் பாஸ்புக்கில் வரவு பதிந்து வாங்கிய பிறகே 6,000 ரூபாயும் கண்ணில் பட்டது.

ஆதார் இணையதளத்தில், கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைக் கொடுத்து உள்நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். அங்கே தெரியும் வங்கியில் முதலில் விசாரியுங்கள். கூட்டுறவு வங்கிக் கணக்குக்கே வரவேண்டுமென்றால், அந்த வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுக்க வேண்டும். இனிவரும் தவணைகளுக்கே அது உதவும்.

பி.எம். கிசான் இணையதளத்தில் நில விவர இணைப்போ இ-கேஒய்சியோ (மின்னணு அடையாளச் சரிபார்ப்பு) ‘இல்லை’ என்று காட்டினால் காரணம் வேறு. பட்டா, ஆதார் நகல்களுடன் வட்டார வேளாண்மை அலுவலகத்தை அணுகுங்கள்.