சம்பளம் கொடுத்தால் போதாதா?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைநிறையச் சம்பளம், பணிப் பாதுகாப்பு, விடுமுறை எல்லாம் இருக்கின்றன. அதற்கு மேலும் ‘ஆதரவான பணிச்சூழல் இருந்தால்தான் ஈடுபாடு வரும்’ என்பது வேலை செய்யாமல் இருப்பதற்கான சாக்கு அல்லவா?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: சாக்கு அல்ல. சம்பளத்தால் ஓர் ஆசிரியரைப் பணியில் இருத்தி வைக்க முடியும்; நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையின் அருகே மதிய இடைவேளையிலும் அவரை உட்கார வைக்க அதனால் முடியாது. ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற உளவியலாளர்கள் 1991-இல் பணிப்பற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பி நிலைத்திருப்பது, விட்டுப்போனால் நட்டம் என்று இருப்பது, கடமை என்று இருப்பது. நீங்கள் அடுக்கியவை பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான் வளர்க்கும். முதல் வகையோ, தன் உழைப்பு மதிக்கப்படும், தொல்லை நேர்ந்தால் மேலே இருப்பவர் துணை நிற்பார் என்ற நம்பிக்கையில் வேர்விடுவது.

அந்த நம்பிக்கையை நாம் எப்படிக் கரைக்கிறோம் என்று பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர, கல்வி சாராத வேறு எந்தப் பணியிலும் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27-ஆம் பிரிவில். அதற்குப் பிறகும் பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் விவரம் ஏற்றுவதும் விலையில்லாப் பொருள்களைக் கொண்டுவந்து கணக்கு வைப்பதும் ஆசிரியர் தலையிலேயே விழுந்தன. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால், ஐந்து வகுப்புகளும் மற்றவரிடம். அந்த நாளில் ஒரு பதிவு விடுபட்டால், அவருடைய பள்ளியின் பெயர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் பார்வைக்கும் வரும். ஐந்து வகுப்பையும் அவர் எப்படிச் சமாளித்தார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

இதில் தலைமையாசிரியரின் பங்கு மிகப் பெரியது. ஒரு பெற்றோர் கோபமாக வந்து நிற்கும்போது ஆசிரியரை அவர் முன்னாலேயே கடிந்துகொள்பவரும், இருவரையும் உட்கார வைத்து விசாரித்துவிட்டுத் தவறு இருந்தால் பிறகு தனியே சொல்பவரும் வாங்குவது ஒரே ஊதியமாக இருக்கலாம். அவர்களிடம் பணிபுரிபவர்களின் உழைப்பு ஒன்றாக இருக்காது.



எல்லா வசதியும் இருந்தும் வகுப்பை எட்டிப் பார்க்காதவர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணையும், அரசு ஊழியர் மீது கடும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் 17(ஆ) விதியும் இருக்கின்றன. சிலரைத் திருத்த எல்லோரையும் சந்தேகிக்கும் நிர்வாகம், ஒழுங்காக உழைப்பவரைத்தான் முதலில் சோர்வடையச் செய்கிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள்தாம். சென்ற மாதம் ஆசிரியர்கள் எத்தனை நாள் பாடம் நடத்த முடியாமல் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்று அடுத்த கூட்டத்தில் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.