ரைன் ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நீ கேட்டதற்கு நான் பாதிதான் பதில் சொன்னேன். அதற்குள் உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். கார்ல்ஸ்ரூஹேயில் வேலை கிடைத்திருக்கிறது, ஜெர்மனியின் புளூ கார்டு, அதாவது படித்துவிட்டு வேலைக்கு வருகிற வெளிநாட்டவருக்கான அனுமதி, வரப்போகிறது. "ஐரோப்பாதான் இப்போ ஒரே நாடு மாதிரி ஆகிடுச்சே அக்கா. கார்டு கைக்கு வந்தா பாரிஸிலயும் ஆம்ஸ்டர்டாமிலயும் வேலை பார்க்கலாம்தானே? இன்னும் கொஞ்ச வருஷத்துல முழுசாவே ஒண்ணாகிடுவாங்களா?" என்று கேட்டாய். நான் ஜெர்மனிக்குத் திரும்பிப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

முதலில் வேலை விஷயம். புளூ கார்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர் இருக்கும். ஆனால் உனக்கு அதைக் கொடுப்பது ஜெர்மனி, அதை வைத்து வேலை பார்க்க முடிவதும் ஜெர்மனியில்தான். பிரான்சுக்கோ நெதர்லாந்துக்கோ சுற்றிப் பார்க்கப் போகலாம், 180 நாளில் 90 நாள் வரை. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும்.

எனக்கு இது உறைத்தது 2011-இல். நான் இருக்கும் கேல் சின்ன ஊர். ரைன் ஆற்றுக்கு இக்கரை ஜெர்மனி, அக்கரை பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர். நடைபாலத்தில் சில நிமிஷத்தில் நாடு மாறிவிடும். அக்கரையில் ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கும் மேல் வீட்டில் இருந்த இத்தாலியப் பெண்ணுக்கும் ஒரே வாரத்தில் வேலைக்கு அழைப்பு வந்தது. அவள் அடுத்த திங்கட்கிழமை தன் நாட்டு அடையாள அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். என்னிடம் பிரான்சின் வேலை அனுமதி கேட்டார்கள். நாலு மாசம் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அன்று ராத்திரி ஆற்றங்கரையில் நின்று அக்கரை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது பக்கத்துத் தெரு, எனக்கு அது வெளிநாடு.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. 2021-இல் வந்த புது விதிப்படி, ஒரு நாட்டில் புளூ கார்டோடு 12 மாதம் இருந்தவர் இன்னொரு உறுப்பு நாட்டில் தகுதியான வேலை கிடைத்தால் அங்கே போகலாம். போய் ஒரு மாதத்துக்குள் அந்த நாட்டின் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஏற்பாட்டிலேயே இல்லை.

அப்புறம், நான் வந்த புதிதில் எனக்கு யாரும் சொல்லாத ஒன்று. ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இரண்டு வகை. ஒன்று ஜெர்மனிக்கு மட்டுமானது. புளூ கார்டுக்காரர்களுக்கு 27 மாதத்தில் கிடைக்கும், ஜெர்மன் மொழியில் பி1 என்கிற நடுத்தர நிலை தேறியிருந்தால் 21 மாதம் போதும். சீக்கிரம் கிடைக்கிறதே என்று நம்மவர்கள் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொன்று 'டாவர்அவுஃபென்ட்ஹால்ட்-ஈயு', ஐந்து வருஷம் முடிந்தபின் வாங்குவது. நாளைக்கு வேறு உறுப்பு நாட்டுக்குக் குடிபெயர நினைத்தால் கை கொடுப்பது இதுதான். புளூ கார்டோடு வெவ்வேறு உறுப்பு நாடுகளில் இருந்த வருஷங்களையும் இதற்குக் கூட்டிக் காட்டலாம், கடைசி இரண்டு வருஷம் விண்ணப்பிக்கிற நாட்டில் இருந்திருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கேள். சம்பளச் சீட்டு, காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வை.

ஒன்றாகிவிடுவார்களா என்று கேட்டாய் இல்லையா, அதற்கு நம் ஊரிலிருந்துதான் எனக்குப் பேச வரும்.

என் தாத்தா 1952-இல் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு பெங்களூருக்கு வந்தார். எந்த அலுவலகத்திலும் கையெழுத்துப் போடவில்லை. இந்தியாவுக்குள் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்று அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு சொல்வது அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. தெரியாமலே அனுபவித்தார். அதற்காக எல்லாம் நன்றாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 1991 டிசம்பரில், காவிரி இடைக்கால ஆணையை ஒட்டி இங்கே தமிழர்களைத் தாக்கியபோது நான் எட்டாம் வகுப்பு. கடைப் பெயர்ப்பலகையில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் அப்பா சுண்ணாம்பு பூசியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி இரண்டு ராத்திரி எங்களைத் தன் வீட்டுச் சமையலறையில் படுக்க வைத்தார். ஏரிக்கரைப் பக்கம் திறக்க இருந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்க முடியாமல் 18 வருஷம் மூடியே வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே போவேன். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அது திறந்தது; நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. நான் அப்போது கேலுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஃபோனில் "திறந்துட்டாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அந்த 18 வருஷமும் அப்பாவின் ஓட்டு இங்கேதான் இருந்தது. அவரைத் திருப்பி அனுப்ப எந்த அரசுக்கும் அதிகாரம் இல்லை. தண்ணீர்ச் சண்டைக்கு நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் இருந்தன. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று முடிவு வந்தது. இங்கேயும் அங்கேயும் மனக்குறை உண்டு. ஆனாலும் இரண்டு பேருக்கும் மேலே போய் முறையிட ஓர் இடம் இருந்தது.

ஐரோப்பாவில் அந்த மேலிடம் பாதிதான் கட்டியிருக்கிறது. சந்தை ஒன்று. பல நாடுகளுக்கு நாணயம் ஒன்று. லக்சம்பர்கில் பொது நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் வரி, வெளியுறவு என்று வந்தால் 27 நாடுகளும் தலையாட்ட வேண்டும். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நின்றுவிடும். 720 பேர் கொண்ட நாடாளுமன்றத்தை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் அந்த நாடாளுமன்றத்தால் தானாக ஒரு சட்ட மசோதாவைக் கொண்டுவர முடியாது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம்தான் கொண்டுவர வேண்டும். ஒன்றியத்தின் பொது பட்ஜெட் அந்த நாடுகளின் மொத்த வருமானத்தில் சுமார் ஒரு சதவீதம். நம் மத்திய அரசு செலவழிக்கும் பங்கோடு ஒப்பிட்டால் அது கைச்செலவுக் காசு.

பாதி கட்டிய வீட்டில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச்சில் பார்த்தேன். 16-ஆம் தேதி ஜெர்மனி எல்லைச் சோதனையைக் கொண்டுவந்தது. 2017-இல்தான் கேல் வரை நீட்டியிருந்த டிராம் அக்கரையோடு நின்றது. நடைபாலத்தைத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். வேலைக்குக் கடந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் சிலரைக் கடை வாசலில் ஏசினார்கள். அந்த இத்தாலியத் தோழி அப்போது ஸ்ட்ராஸ்பூரில் குடியிருந்தாள். ஜூன் முதல் வாரம், அவள் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கையசைத்தோம். அடையாள அட்டையோடு நடந்து போன பெண்ணாலும் அன்று பாலம் தாண்ட முடியவில்லை. ஜூன் 15-இல் திறந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அவர்கள் இன்னும் நெருங்க வேண்டும். வரியும் பாதுகாப்பும் எல்லைக் காவலும் பொதுவாக வேண்டும், அதை நடத்துகிறவர்கள் மக்கள் ஓட்டுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்க வேண்டும். எனக்கு இதைப் புரிய வைத்தது எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஒரு பாட்டி. 1871-க்கும் 1945-க்கும் நடுவில் ஸ்ட்ராஸ்பூர் நான்கு முறை கை மாறிய ஊர். 1940-இல் ஜெர்மனி பிடித்தபோது அவருடைய பெயரையே ஜெர்மன் பெயராக மாற்றி எழுதினார்களாம். 1942-இல் அவர் அண்ணனைக் கட்டாயமாக ஜெர்மன் ராணுவத்தில் சேர்த்தார்கள்; திரும்பி வரவில்லை. 1951-இல் ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைத்ததை அவர் சொல்லும் விதமே வேறு: "ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் பீரங்கி செய்ய முடியாதே." 1979-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நடந்த முதல் நேரடித் தேர்தலில் முத்திரை வாங்கிய வாக்காளர் அட்டையை பைபிளுக்குள் வைத்திருந்தார். அந்த முத்திரையில் விரலை வைத்துக் காட்டுவார்.

முழுசாக ஒன்றாகிவிடுவார்கள் என்று நம்பி நீ திட்டம் போடாதே. பொது ராணுவத் திட்டத்தை 1954-இல் பிரெஞ்சு நாடாளுமன்றமே தோற்கடித்தது. பொது அரசியலமைப்பை 2005-இல் பிரான்சும் நெதர்லாந்தும் மக்கள் வாக்கெடுப்பில் தள்ளின. 2020 ஜனவரியில் பிரிட்டன் வெளியேறியது. ஆனால் அதே 2020-இல், கொரோனா அடி தாங்காமல், 75,000 கோடி யூரோ வரை எல்லோரும் சேர்ந்து கடன் வாங்க ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் ஜெர்மனி இதற்குச் சம்மதிக்கும் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மொழியைத் தள்ளிப்போடாதே, ஆபீஸில் ஆங்கிலம் போதும் என்பார்கள், கேட்காதே. கன்னடம் பேசத் தெரிந்ததால்தான் அந்த ஆன்ட்டியின் வீடு எங்களுக்குத் திறந்தது. குடியுரிமை ஐந்து வருஷத்தில் கேட்கலாம். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டைதான் கையில் இருக்கும். எனக்கு அது லேசாக இருக்கவில்லை. 2019-இல் ஐரோப்பியத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டபோதுதான் கொஞ்சம் மனசு ஆறியது.

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து கேலுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும். ஒரு சனிக்கிழமை வா. டிராமில் அக்கரைக்குப் போய் ஈழத்தமிழர் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வரலாம். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் மறக்காமல் எடுத்து வா. 2024 செப்டம்பரில் ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. திரும்பி வரும்போது வண்டிக்குள் ஏறிக் கேட்பார்கள். என்னிடம் எப்போதும் கேட்கிறார்கள். பக்கத்து சீட்டில் இருக்கும் தோழியிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.