மேலே எறிந்த பந்துக் கணக்கு: தன்மைகாட்டி ஏன் எதிர்மறையாக வருகிறது?

கேள்வியில் உள்ள கணக்கு: 25 மீட்டர் உயர மொட்டை மாடி விளிம்பிலிருந்து ஒரு பந்தை 20 மீ/வி வேகத்தில் செங்குத்தாக மேலே எறிகிறோம். அது எத்தனை வினாடியில் தரையைத் தொடும்? ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². நேரத்தை ‘ந’ என்று வைத்து, 25 = 20ந − 5ந² என்று எழுதியிருக்கிறீர்கள். சுருக்கினால் ந² − 4ந + 5 = 0. தன்மைகாட்டி (இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது வர்க்கமூலத்துக்குள் வரும் b² − 4ac; இது எதிர்மறையானால் மெய்யான விடை இல்லை) 16 − 20 = −4. அதோடு நின்றுவிட்டது.

இயற்கணிதத்தில் பிழையே இல்லை. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்துவிட்டு இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு, எந்தத் திசையில் நகர்ந்தது என்பது) 25 என்று போட்டால், பந்து மாடிக்கு மேலே 25 மீட்டரில் எப்போது இருக்கும் என்று கேட்டதாகிவிடும். அந்த வேகத்துக்கு அது மாடிக்கு மேல் 20 மீட்டர்தான் ஏறும். அங்கே போகவே போகாது என்பதைத்தான் அந்த −4 சொல்கிறது. தரை கீழே இருக்கிறது, எனவே இடப்பெயர்ச்சி −25.

இந்தக் குறிக் குழப்பம் திரும்ப வராமலிருக்க, சூத்திரத்தில் எண்களைப் போடுவதை விட்டுவிட்டு முடுக்கத்திலிருந்து தொகையிட்டு (integration) வாருங்கள். தரையைச் சுழி என்று குறித்துக்கொள்ளுங்கள். முடுக்கம் −10. ஒருமுறை தொகையிட்டால் திசைவேகம் = −10ந + மாறிலி; ந = 0 என்றபோது அது 20, ஆகவே மாறிலி 20. இன்னொரு முறை தொகையிட்டால் உயரம் = 20ந − 5ந² + மாறிலி; தொடக்கத்தில் உயரம் 25, ஆகவே இந்த மாறிலி 25. தரையில் உயரம் 0. அதனால் ந² − 4ந − 5 = 0, அதாவது (ந − 5)(ந + 1) = 0. விடை 5 வினாடி. மாறிலியை எழுத மறந்தால் அந்த 25 காணாமல் போய் விடை 4 என்று வரும். அது பந்து மாடி மட்டத்துக்குத் திரும்பும் நேரம்.

சரிபார்க்க: திசைவேகம் 20 − 10ந சுழியாவது 2 வினாடியில். (அப்போதும் முடுக்கம் −10தான், சுழி அல்ல.) அந்நேரம் உயரம் 45 மீட்டர். அங்கிருந்து விழ 45 = 5ந², 3 வினாடி. மொத்தம் 5.

சமன்பாட்டின் இன்னொரு தீர்வான −1-ஐ அடித்துவிடும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். ந = −1 என்றால் திசைவேகம் 30. ஒரு வினாடி முன்பு தரையிலிருந்தே 30 மீ/வி வேகத்தில் எறிந்திருந்தாலும் பந்து இதே பாதையில்தான் போயிருக்கும். தரையில் மோதும் வேகமும் 30தான்.

நீங்கள் போட்ட வரிகளையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. கடந்த மொத்தத் தொலைவு 20 + 20 + 25 = 65 என்று கூட்டி அதை இடப்பெயர்ச்சியாகப் போடுபவர்களும் உண்டு; அவர்களுக்கும் தன்மைகாட்டி எதிர்மறையாகத்தான் வரும். வரிகளைப் பார்க்காமல் எந்தத் தவறு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

புத்தக விடை ஏறத்தாழ 5.1 என்றிருந்தால் பயப்பட வேண்டாம், அவர்கள் 9.8 எடுத்திருப்பார்கள்.